போன் நம்பரைத் தட்டினால் வீடு வரும்

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகன் ஜப்பானில் வேலை பார்க்கிறானாம். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஒகினாவா போய், வாடகைக் கார் எடுத்துச் சுற்றப்போகிறார்களாம். "செல்போனில் மேப் இருக்கும்போது, காரோடு தரும் நேவிகேஷன் பெட்டி எதற்கு?" என்பது அவர் கேள்வி.

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பெட்டி மேல் எனக்குத் தனிப் பாசம். அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்வேன்.

ஓட்டுவதில் சிரமம் இல்லை. நம் லைசென்ஸோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் சர்வதேச உரிமமும் வேண்டும். சாலையில் நம்மைப் போல இடப்பக்கம். (அமெரிக்க ஆட்சிக் காலத்திலிருந்து ஒகினாவாவில் வலப்பக்கம்தான் ஓட்டினார்கள். 1978 ஜூலை 30 அன்று ஒரே நாளில் மாகாணம் முழுக்க இடப்பக்கம் மாறியது. எங்கள் பேட்டையில் ஒரு சந்தை ஒருவழிப் பாதையாக்கவே ஒரு வருஷம் சண்டை நடந்தது.)

தலைவலி முகவரியில் இருக்கிறது. ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. எண்ணெல்லாம் மனைத்தொகுதிக்கும் கட்டடத்துக்கும்தான். பழைய பகுதிகளில் 12-க்குப் பக்கத்தில் 13 இருக்குமென்று நம்பிப் போகக் கூடாது. உள்ளூர்க்காரர்களே திணறும் இந்த ஊர்களில் கார் ஓட்டத் துணையாக 1981-லேயே ஹோண்டா ஒரு கருவி செய்தது. செயற்கைக்கோள் உதவி இல்லை. கார் எவ்வளவு தூரம் போனது, எந்தப் பக்கம் திரும்பியது என்று தானே கணக்குப் போட்டு, கண்ணாடித்தாளில் அச்சிட்ட வரைபடத்துக்குப் பின்னால் ஒளிக்கோடாகக் காட்டும்.

எனக்குப் பிடித்த கூத்து அதற்கப்புறம் வந்தது. போக வேண்டிய கடையின் தொலைபேசி எண்ணைத் தட்டினால் போதும், பெட்டி வழி சொல்லும்! டைரக்டரியையே வரைபடத்துக்குள் வைத்துவிட்டார்கள். ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாத எனக்கு, எண்கள் தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

சரி, கடற்கரைக்கும் அருவிக்கும் ஏது போன்? அதற்குத்தான் 'மேப்கோட்'. டீக்கடையில் காசு கொடுக்க நாம் ஸ்கேன் செய்கிறோமே, அந்தக் கியூஆர் கட்டத்தை 1994-இல் உருவாக்கிய அதே டென்சோதான் இதையும் செய்தது. நாட்டை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 30-க்கு 30 கட்டங்களாக்கி, அந்தக் கட்டத்தையும் மறுபடி 30-க்கு 30 ஆக நறுக்கினால், கடைசித் துண்டு சுமார் 30 மீட்டர் சதுரம். அதிகம் போனால் பத்து இலக்கம். பின்னால் ஒரு நட்சத்திரக் குறியும் இரண்டு இலக்கமும் சேர்த்தால் மூன்று மீட்டருக்குள் வந்துவிடும். ஒரு கோட்டையைப் பார்க்கப் போனால், அதன் நடுவை விட்டு, வண்டி நிறுத்துமிடத்தின் வாசலையே குறிக்கலாம். இந்த நுணுக்கம் என் செல்போனுக்குப் பல தடவை வந்ததில்லை; காரோடு வயல் வரப்பில் நின்றிருக்கிறேன்.

சென்னையில் என் வீட்டுக்குப் பழைய எண் 14, புதிய எண் 31. கூரியர் பையன் இரண்டையும் நம்பாமல், "சார், எந்தப் பக்கம் வரணும்?" என்று போன் பண்ணுகிறான். ஒரு வகையில் நாமும் போன் நம்பரை வைத்துத்தான் வீடு கண்டுபிடிக்கிறோம், என்ன, பெட்டிக்குப் பதில் நான் பேச வேண்டியிருக்கிறது. ஆம்புலன்ஸுக்கும் இதே கதி என்பதை யாரும் யோசிப்பதில்லை. அஞ்சல் துறை 2025-இல் 'டிஜிபின்' கொண்டுவந்தது: பத்து எழுத்து, ஏறக்குறைய நாலு மீட்டர் சதுரம். கல்யாணப் பத்திரிகை எதிலும் அதை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆக, வாசகரே, செல்போனும் இருக்கட்டும், பெட்டியையும் வாங்குங்கள். திரையை ஆங்கிலத்துக்கு மாற்றித் தரும்படி கவுன்ட்டரிலேயே கேளுங்கள். ஓட்டலின் எண்ணைக் குறிக்கும்போது மட்டும் அது முன்பதிவு அலுவலகத்தின் எண்ணா, நீங்கள் தூங்கப்போகும் கட்டடத்தின் எண்ணா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. பெட்டி பயணியரே இல்லாத ஓர் அலுவலக வாசலில் என்னை இறக்கி, வந்து சேர்ந்துவிட்டதாக மணியடித்தது. இரவு ஒன்பதரை மணி.