பூரித் தேரும் பிரிட்டன் லாரியும்

பிரிட்டனில் குறுகலான கிராமத்துத் தெருவுக்குள் ராட்சத சரக்கு லாரி ஒன்று நுழைந்துவிட்டால், அதைப் பேச்சுவழக்கில் 'ஜக்கர்நாட்' என்பார்கள். சற்றே எரிச்சல் கலந்த சொல். ஆனால் காது கொடுத்துக் கேளுங்கள், நமக்குத் தெரிந்த பெயர்தான்: ஒடிசாவின் பூரி ஜகந்நாதர்!

ரத யாத்திரையில் ஜகந்நாதர் ஏறிவரும் தேர் நந்திகோஷம். 16 சக்கரங்கள், ஏறக்குறைய 45 அடி உயரம். ஆண்டுதோறும் புது மரத்தில் செய்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்க அது அசைந்து வருவதைக் கண்டு மலைத்த ஐரோப்பியர்கள், பக்தர்கள் தாமாகவே சக்கரத்தடியில் விழுந்து மாய்கிறார்கள் என்று மிகைப்படுத்தி எழுதினார்கள். நெரிசலில் நேர்ந்த விபத்தைக்கூட வழிபாடாக எண்ணியது வருத்தமான பிழை. 'உலகின் தலைவன்' என்று பொருள்படும் பெயர், 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கிச் செல்லும் பெருஞ்சக்திக்கு ஆகிவந்தது இப்படித்தான்.

லாரிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அமெரிக்கர்கள் லாரியை அப்படி அழைப்பதில்லை. அவர்களுக்கு அது 'பிக் ரிக்', அல்லது சக்கரங்களை எண்ணி 'எய்ட்டீன் வீலர்'.