கொல்லைப்புறத்தில் ஒரு கேட்டமரான்

12 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிவிசி ஃபோம் பலகையைக் கையில் எடுத்தால் கனமே தெரியாது. முழங்காலில் வைத்து அழுத்தினால் படக்கென்று ஒடிந்துவிடும். அதே பலகையின் இரண்டு பக்கமும் மெல்லிய கண்ணாடியிழைத் துணியை ரெசின் தடவி ஒட்டி, நன்றாக இறுகவிட்டு, இரண்டு செங்கற்களின் மேல் வைத்து ஏறி நின்று பாருங்கள். தாங்கும். வீட்டுக் கொல்லையில் சிறிய பாய்மரப் படகு கட்டும் கலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

காரணம் எளிது. பலகை வளையும்போது ஒரு பக்கம் இழுபடுகிறது, மறுபக்கம் நசுங்குகிறது. நடுப்பகுதிக்கு வேலை குறைவு. ஆகவே வலுவான பொருளை இரு ஓரங்களுக்கும் தள்ளிவிட்டு, நடுவில் எடையில்லாத ஃபோமை வைக்கிறார்கள். இருக்கிற கண்ணாடியிழையை இரண்டாகப் பிரித்து, மொத்தத் தடிமனை இரு மடங்காக்கினால் விறைப்பு சுமார் 7 மடங்கு கூடும். நான்கு மடங்காக்கினால் சுமார் 37 மடங்கு. எடை கொஞ்சம்தான் ஏறும்.

கேட்டமரான் என்று இன்று உலகம் சொல்வது, இரண்டு ஒல்லியான உடல்களைக் குறுக்குக் குழாய்களால் இணைத்த படகை. மரங்களைக் கயிற்றால் பிணைக்கும் நம் கட்டுமரம் வேறு வகை; இரட்டை உடல் என்பது பசிபிக் தீவு மக்களின் அறிவு. ஒல்லியான உடல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும், பெரிய அலை எழுப்பாது. இரண்டு உடல்களும் தள்ளித் தள்ளி இருப்பதால், அடியில் ஈயமோ கல்லோ கட்டாமலே படகு நிமிர்ந்து நிற்கும். வேகத்தின் ரகசியம் அவ்வளவுதான். ஆனால் ஒல்லியான உடலுக்கு ஒரு குணம் உண்டு: எடை ஏறினால் மளமளவென்று அமிழும், வேகமும் அதோடு போய்விடும். சாதாரணப் படகில் 10 கிலோ கூடினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இதில் அப்படி இல்லை. அதனால்தான் இந்த வடிவத்துக்கும் ஃபோமுக்கும் இத்தனை பொருத்தம்.

இந்தக் கலை பெரிய கப்பல் தளங்களில் பிறந்ததல்ல. கலிஃபோர்னியாவின் லகுனா பீச்சில், 1950களின் தொடக்கத்தில், அப்பாவின் கார் ஷெட்டில் பால்சா மரத்தைச் செதுக்கி அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த இளைஞர் ஹோபி ஆல்டர். நல்ல பால்சா மரம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. 1950களின் இறுதியில் கோர்டன் கிளார்க் என்பவரோடு சேர்ந்து பாலியூரித்தேன் ஃபோமுக்கு மாறினார். ஃபோமைச் செதுக்கி மேலே கண்ணாடியிழை போர்த்தும் பழக்கம் கைக்கு வந்த பிறகு, படகு எட்டாத தூரத்தில் இல்லை. 1968ல் ஹோபி 14 என்ற கேட்டமரான் வந்தது. அடுத்து வந்த ஹோபி 16 உலகம் முழுக்கப் பரவியது. சுமார் 5 மீட்டர் நீளம், பாய், பாய்மரம் எல்லாம் சேர்த்து 145 கிலோ எடை. இரண்டு பேர் மணலில் இழுத்துச் சென்று அலையில் இறக்கிவிடலாம்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் டெரெக் கெல்சால் ஃபோமை நடுவில் வைத்து ‘டோரியா’ என்ற மூன்று உடல் படகைக் கட்டினார். 1966ல் பிரிட்டனைச் சுற்றி நடந்த பந்தயத்தில் அது முதலாவதாக வந்தது. ஃபோம் படகு கடலில் நொறுங்கிவிடும் என்ற சந்தேகத்துக்கு அதைவிட நல்ல பதில் இருந்திருக்க முடியாது. பிறகு, 1975ல் பறந்த பர்ட் ருட்டனின் ‘வேரிஈஸ்’ விமானம், ஃபோமைச் சூடான கம்பியால் அறுத்துத் துணி போர்த்தி, அச்சே இல்லாமல் வீட்டிலேயே விமானம் கட்டலாம் என்று காட்டியது.

அச்சு வேண்டாம் என்பதுதான் வீட்டில் கட்டுபவருக்குக் கிடைத்த விடுதலை. தொழிற்சாலையில் முதலில் படகின் வடிவத்தில் மாதிரி செய்து, அதிலிருந்து அச்சு எடுத்து, அதற்குள் படகை வார்ப்பார்கள். பல படகு விற்றால்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும். ஒரே ஒரு படகு வேண்டும் என்பவருக்கு ஃபோமே அச்சு.

ஃபோம் என்றதும் தெர்மோகோல் நினைவுக்கு வரும். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். நம் ஊர் ஃபைபர் பட்டறைகளில் புழங்கும் பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன், தெர்மோகோலைக் கண்ணெதிரே கரைத்துக் குழியாக்கிவிடும். அதன் மேல் எபாக்சி ரெசின் மட்டுமே போடலாம். அப்போதும் தெர்மோகோல் மென்மையானது, படகின் பளு தாங்கும் இடங்களுக்கு ஆகாது. கன மீட்டருக்கு 80 கிலோ எடையுள்ள பிவிசி ஃபோம்தான் இந்த வேலைக்கு நம்பகமானது. விலை அதிகம், அங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது.

சின்னப் படகுக்கு எளிய வழி, தட்டையான மேசையில் பலகை செய்து வளைப்பது. சன்மைக்கா ஒட்டிய நீள மேசைக்கு மெழுகு பூசி, அதன் மேல் துணியை விரித்து, ரெசின் ஊற்றி, ஃபோமை அழுத்தி வைத்து இறுகவிடுவார்கள். ஒரு பக்கம் மட்டும் துணி ஒட்டிய பலகை ஓரளவு வளையும். அதை அணியத்திலிருந்து அமரம் வரை தற்காலிகச் சட்டங்களின் மேல் வளைத்துப் பொருத்தி, உடலாகச் சேர்த்த பிறகு மறுபக்கத் துணியைப் போட்டால் வடிவம் நிலைத்துவிடும்.

ரெசின் போடும் நேரம் அருகில் நின்று பார்க்க வேண்டியது. வெள்ளைத் துணியின் மேல் ரெசினை ஊற்றி ரப்பர் தகட்டால் மெல்ல இழுக்கும்போது, எண்ணெய் பட்ட காகிதம்போல் துணி மறைந்து அடியிலிருக்கும் ஃபோமின் நிறம் தெரியத் தொடங்கும். வெள்ளையாகப் புள்ளி நின்றால் அங்கே காற்று இருக்கிறது. மேலே பளபளவென்று தேங்கினால் ரெசின் அதிகம். துணியின் நெசவு கண்ணுக்குத் தெரிய வேண்டும், மேற்பரப்பு மங்கலாக இருக்க வேண்டும். அதுதான் சரியான பதம். கைவேலையில் துணியின் எடைக்குச் சமமாக ரெசின் போதும். துணியையும் ரெசினையும் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும்.

கணக்குப் பார்த்தால் இதன் அருமை புரியும். 12 மில்லிமீட்டர் ஃபோம், இரு பக்கமும் சதுர மீட்டருக்கு 300 கிராம் துணி, அதே அளவு ரெசின்: மொத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 2.2 கிலோ. 5 மீட்டர் படகின் இரண்டு உடல்களுக்கும் 12 சதுர மீட்டர் என்று வைத்தால் 26 கிலோ ஓடு. ரெசினை இரு மடங்கு ஊற்றினால் அதே ஓடு 33 கிலோவைத் தாண்டும். வலு ஒரு துளியும் கூடாது. மேடு பள்ளம் மறைக்கப் பட்டி பார்ப்பது அதற்கு மேல். படகின் வேகம் ரப்பர் தகடு பிடித்த கையில் தீர்மானமாகிறது. அவசரமில்லாத மனிதர் இந்த வேலையைத் தொழிற்சாலையைவிட நன்றாகச் செய்ய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இறுகிய பிறகு ஒரு நாணயத்தை எடுத்து உடல் முழுக்கத் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஒட்டிய இடம் ‘டிக்’ என்று கூர்மையாகக் கேட்கும். ஒட்டாத இடம் மந்தமாக ‘தொப்’ என்னும். அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, வெட்டியெடுத்துத் திரும்பப் போட வேண்டும். போல்ட் வரும் இடங்களில் ஃபோமைச் சுரண்டியெடுத்து, கெட்டியான எபாக்சியோ ஒட்டுப்பலகையோ வைக்காவிட்டால், முறுக்க முறுக்க ஃபோம் நசுங்கும், துளை வழியே தண்ணீர் இறங்கும். குறுக்குக் குழாய் உட்காரும் நான்கு இடங்களில் இது உயிர் விஷயம். நிறம் வெள்ளையாகவே இருக்கட்டும். நம் வெயிலில் கறுப்பும் கருநீலமும் சுடச்சுட, உள்ளே ஃபோம் இளகும்.

நம் ஊர் வெப்பத்தில் ரெசின் சீக்கிரம் இறுகும். கலந்த எபாக்சியைக் குவளையிலேயே விட்டுவைத்தால் தானே கொதித்துப் புகையும். உடனே அகலத் தட்டில் ஊற்றிவிட வேண்டும். விடியற்காலை வேலையே நல்லது. பாலியெஸ்டர் போடுபவர்கள் கோபால்ட் திரவத்தையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். கையுறை இல்லாமல் எபாக்சியைத் தொட்டுப் பழகினால், ஒரு நாள் தோல் ஒவ்வாமை வரும், வந்தால் போகாது. உப்புத்தாள் தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்.

பாய்மரமும் பாயும் செலவு வைக்கும். பழைய ஹோபி ஒன்றின் பாய்மரத்தையும் குழாய்களையும் வாங்கி, அதற்கேற்ற உடல்களை மட்டும் கட்டுபவர்கள் வெளிநாடுகளில் நிறைய. நல்ல யோசனை. கடலில் இறங்குமுன் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: இந்தப் படகு பின்காற்றில் வேகமெடுக்கும்போது அணியம் அலைக்குள் குத்தி, தலைகுப்புறக் கவிழலாம். கவிழ்ந்தால் தானாக நிமிராது. மிதவைச் சட்டை போடாமல் ஏறக் கூடாது.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகின. மணலில் இழுபடும் மீன்பிடிப் படகுக்கு, நடுவில் ஃபோம் இல்லாத தடித்த ஒற்றைத் தோல் சரிதான்; அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பட்டறைகளில் கண்ணாடியிழை மேட் போட்டுப் பழகிய கைகளுக்கு ஃபோம் வேலை சில வாரங்களில் பிடிபடும். கடலோரப் பாலிடெக்னிக்குகள் அவர்களை வகுப்புக்கு அழைத்து, மாணவர்களோடு ஓர் இரட்டை உடல் படகு கட்ட வைக்க வேண்டும்.

தனியாகத் தொடங்க நினைப்பவர் முதலில் அனுபவமுள்ள வடிவமைப்பாளரின் வரைபடத்தை விலைக்கு வாங்குங்கள். படகுக்கு ஃபோம் வாங்குமுன் ஒரு சதுர அடி பலகை ஒன்று செய்து, எடை போட்டு, நாணயத்தால் தட்டி, கடைசியில் சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். ஃபோம் கிழிந்து துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தால் நீங்கள் படகு கட்டலாம். துணி மட்டும் உரிந்து வந்தால் இன்னொரு பலகை செய்யுங்கள்.