முன் பிரேக்கைப் பிடிக்கலாமா?

"முன் பிரேக்கைப் பிடிக்காதே, தூக்கிப் போட்டுவிடும்." சைக்கிள் பழகிய எல்லோரும் இந்தப் புத்திமதியைக் கேட்டிருப்போம். சேலம் சூரமங்கலத்தின் சமதளத் தெருக்களில் இதை வைத்துக்கொண்டே காலம் தள்ளிவிடலாம். ஜங்ஷனுக்கும் கடைவீதிக்கும் போய்வரப் பின் பிரேக்கே போதும். ஆனால் வடகிழக்கே சேர்வராயன் மலை நிற்கிறது. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். மலைமேல் உள்ள ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கியர் சைக்கிள் வாங்கியவருக்கு அந்த மலைமேல் ஒரு கண் விழத்தான் செய்யும். ஏறுவதற்குத் தொடையில் வலுவும் பொறுமையும் இருந்தால் போதும். இறங்குவதைத்தான் முறையாகக் கற்க வேண்டும்.

பிரேக்கைப் பிடித்ததும் உடம்பு முன்னால் சாய்வதை நாம் உணர்கிறோம். அப்போது எடையும் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு மாறுகிறது. பின்சக்கரம் லேசாகிறது, லேசான சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு குறைவு. இன்னும் அழுத்தினால் அது உருளாமல் சறுக்கும். காய்ந்த தார்ச்சாலையில் பின் பிரேக்கால் மட்டும் கிடைக்கும் வேகக்குறைப்பு, புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ கால் பங்கு. முன் பிரேக்கால் பாதிவரை கிடைக்கும். அதற்கு மேல் போனால்தான் சைக்கிள் குப்புறக் கவிழும்.

இதைத் தூரமாக மாற்றிப் பார்க்கலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சைக்கிள் சமதளத்தில் பின் பிரேக்கால் நிற்க சுமார் 14 மீட்டர் வேண்டும். முன் பிரேக்கால் 7 மீட்டர். 100 மீட்டருக்கு 10 மீட்டர் இறங்கும் சரிவில், கீழே இழுக்கும் விசையையும் பிரேக்தான் சமாளிக்க வேண்டும். அங்கே பின் பிரேக்குக்கு 24 மீட்டர் ஆகிறது. முன் பிரேக்குக்கு 9 மீட்டர்தான். சரிவு கூடக்கூடப் பழைய புத்திமதியே ஆபத்தாகிறது.

அதற்காக அந்தப் புத்திமதி முழுப் பொய்யும் அல்ல. கவிழும் எல்லை, உடம்பின் எடைமையம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இருக்கையிலிருந்து எழுந்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முழங்கையை மடக்கித் தாழ்ந்தால் எடைமையம் பின்னாலும் கீழேயும் போகிறது. முன் பிரேக்கை இன்னும் அழுத்த இடம் கிடைக்கிறது. விறைத்து நிமிர்ந்து உட்கார்ந்தபடி, பதறிப்போய் ஒரே பிடியாகப் பிடிப்பவரைத்தான் அது தூக்கிப் போடுகிறது.

இறங்கும் மலையின் உயரம் அவ்வளவும் கடைசியில் வெப்பமாக மாறியே தீர வேண்டும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு வர ஏறத்தாழ 9 லட்சத்து 60 ஆயிரம் ஜூல் ஆற்றலைக் கழிக்க வேண்டும். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பகுதி பிரேக்கில்தான் இறங்கும். மலை சைக்கிள் என்ற வண்டி பிறந்த கதையே இந்த வெப்பத்தோடு தொடங்குகிறது. 1976-இல் கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களில் சில இளைஞர்கள் மண்பாதையில் பந்தயமாக இறங்கினார்கள். அவற்றில் இருந்தது, பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒரு தடவை இறங்கினாலே உள்ளேயிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் பந்தயத்தின் பெயரே 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடை', என்று ஆயிற்று. அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-இல் மலைக்கென்றே தனிச் சைக்கிள் சட்டகம் செய்தார். 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் பந்தயம் சேர்ந்தது. நமக்கு இதில் உள்ள பாடம் எளிது: இறங்கும் வழியில் இடையிடையே ஓரமாக நிறுத்திப் பிரேக்கை ஆறவிடுங்கள்.

மண்பாதையில் கணக்கு மாறும். கெட்டியான தரைமேல் சிதறிய சரளை, சக்கரத்தின் கீழ் கோலிக்குண்டாக உருளும். கவிழ்வதற்கு முன்பே சக்கரம் வழுக்கிவிடும். டயருக்குத் தரையில் கிடைக்கும் பிடிப்பு ஒரு அளவுதான். நிறுத்தவும் திருப்பவும் அதையே பங்குபோட வேண்டும். ஆகவே வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். டயர் காற்றிலும் வேலை இருக்கிறது. ஒரு சக்கரத்தின்மேல் 40 கிலோ இருந்து, காற்று 60 பவுண்டு அழுத்தத்தில் இருந்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 10 சதுர சென்டிமீட்டர். அகலமான டயரில் 30 பவுண்டாகக் குறைத்தால் பரப்பு இரட்டிப்பாகும். கல்லைச் சுற்றி டயர் வளைந்தும் கொடுக்கும்.

கல்லில் சக்கரம் ஏறும்போது கை தானாக ஹேண்டில்பாரை இறுக்கும். இறுக்கக் கூடாது. தள்ளிவிட்ட சைக்கிள் ஆளே இல்லாமல் கொஞ்ச தூரம் விழாமல் ஓடுவதைப் பார்த்திருப்போம். சாயும் பக்கம் தானே திரும்பி, சக்கரத்தைத் தன் எடைக்குக் கீழே கொண்டுவந்துவிடுகிறது. சுழலும் சக்கரத்தின் கைரோஸ்கோப் விசைதான் இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அந்த விசையை நீக்கிச் செய்த ஒரு சைக்கிளும் தானே நிமிர்ந்து ஓடியதை 2011-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. எடை எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதும் முக்கியம். நம் வேலை, சைக்கிள் தானே திரும்புவதைத் தடுக்காமல் இருப்பது. பெடல்கள் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து, முட்டியை மடக்கி நின்றால், கல்லில் மோதுவது 14, 15 கிலோ சைக்கிள் மட்டுமே. உடம்பின் எடை மேலே மிதந்தபடி வரும்.

கண்ணுக்கும் பயிற்சி வேண்டும். வளைவில் ஓட்டுபவர்கள் வளைவின் உள்விளிம்பைத் தேடிப் பார்த்தே திருப்புகிறார்கள் என்று லேண்ட், லீ என்ற இரு ஆய்வாளர்கள் 1994-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்தது காரோட்டிகளை. சைக்கிளிலும் பார்வை போகும் பக்கமே உடம்பு சாயும். பள்ளத்தையே வெறித்துப் பார்த்தால் பள்ளத்துக்குள்தான் போவோம். பார்க்க வேண்டியது பக்கத்திலுள்ள வழி.

இவற்றைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் உடம்பு கற்றுக்கொள்ளப் பலமுறை செய்து பார்க்க வேண்டும். முதல் வகுப்புக்கு ஒரு காலி மைதானம் போதும். முன் பிரேக்கை ஒரு விரலால் மெல்லப் பிடித்துப் பழகி, பிறகு சிறு மேட்டிலிருந்து இறங்கிப் பார்க்கலாம். எப்போதும் தலைக்கவசத்தோடு, மெதுவாக. மெதுவாக என்பதற்கும் கணக்கு உண்டு. நிறுத்தும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 15 கிலோமீட்டரில் இறங்குபவருக்கு 30-இல் இறங்குபவருக்கு வேண்டியதில் கால்பங்கு இடம் போதும். பழகுகிறவர் செய்யும் தப்புகளும் அந்த வேகத்தில் கால்பங்கு ஆற்றலோடுதான் தரையில் விழும்.