ஆற்றுக்குச் சுவர் வைத்தால் அடி ஏன் அரிக்கிறது?

1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த பிறகுதான் மதுரை விரிந்தது. 1889-இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் வந்ததும் வைகையின் வடகரைக்கும் மவுசு கூடியது. கரையோர நிலத்துக்கு விலை ஏறினால் சுவர் கேட்பது இயல்பு. ஆனால் மதுரையை அடுத்த ஒத்தக்கடைப் பக்கத்துக் கண்மாய்க் கரையின் கணக்கு ஆற்றுக்கு ஒத்துவராது. கண்மாயில் நிற்கும் நீர் கரையை அழுத்தும், மிஞ்சினால் கலுங்கு வழியே வெளியேறும். ஆற்றிலோ ஓடும் நீர் அடிமணலையே வாரிக்கொண்டு போகும். சரிவு மாறாமல் அகலத்தை மட்டும் பாதியாக்கினால், அதே வெள்ளம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆழத்திலும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்திலும் பாயும். அந்த வேகம் சுவரின் காலடியில் பள்ளம் பறிக்கும். அஸ்திவாரம் அதற்கும் கீழே இறங்காவிட்டால், மேலே எத்தனை தடிமன் இருந்தும் பயனில்லை.

லண்டனில் பொறியாளர் பசால்ஜெட் தேம்ஸ் ஆற்றைக் குறுக்கிக் கட்டிய விக்டோரியா கரை 1870 முதல் நிற்கவில்லையா என்பார்கள். நிற்கிறது. ஆனால் அது கடலேற்றம் வந்துபோகும் ஆறு, ஆண்டு முழுக்க நீர் உண்டு. வைகை பெரும்பாலான நாள் வெறும் மணல், அதனால்தான் அதன் அகலம் வீணாகத் தெரிகிறது. 1959-இல் வந்த வைகை அணை இருக்கிறதே என்பதும் அரைப் பதில்தான்: அணைக்குக் கீழே பெய்யும் மழையை அணை பிடிக்காது. சுவர் கட்டலாம், ஆனால் ஆற்றைக் குறுக்காமல் தள்ளிக் கட்ட வேண்டும். வாய்க்கால்கள் ஆற்றில் விழும் இடத்தில் கதவும் வேண்டும், இல்லையென்றால் ஆற்று நீர் தெருவுக்குள் ஏறும்.