கருவிலிருக்கும் பிள்ளையும் சித்திரை வெயிலும்





பிரசவ வார்டில் ஜெபிக்கப் போகும்போது எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. சென்ற கோடையிலும் அதைக் கேட்டோம். சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறை ஒன்றில் கணவனோடு வேலை செய்துவந்த ஒரு பெண், நான்காம் மாதத்தில் கரு கலைந்து படுத்திருந்தாள். "நான் என்ன பாவம் செய்தேன் ஐயா?" என்றாள். உச்சிப்பொழுதில் புளியமரத்தடியில் தனியாக நடந்து வந்ததுதான் காரணம் என்று பக்கத்தில் நின்ற மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் இது யாருடைய பாவம் என்று கேட்டதையும், ஆண்டவர் அந்த எண்ணத்தையே தள்ளிவிட்டதையும் யோவான் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதை அவளுக்கு எடுத்துச் சொன்னோம். ஜெபித்தோம். ஆனாலும் வெளியே வந்தபின் மனதில் ஒரு பாரம் இருந்தது. எங்கள் டாக்டரம்மாவிடம் பேசியபோது அவர்கள் சொன்ன சில ஆராய்ச்சிகளை, எங்களுக்குப் புரிந்த அளவில் உங்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் பேராசிரியை வித்யா வேணுகோபால் அவர்களும் உடன் ஆய்வாளர்களும் 2017-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் கர்ப்பவதிகள் 800 பேரை அதில் சேர்த்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற கடும் வெப்பமான இடங்களில் உழைப்பவர்கள். மற்றவர்கள் பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்ற சற்றுக் குளிர்ந்த இடங்களில் வேலை செய்பவர்கள். 2024-ல் இதன் முடிவுகள் செய்திகளில் வந்தன. வெப்பத்தில் உழைத்தவர்களில் 100-க்கு 5 பேருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. மற்றவர்களில் 100-க்கு 2 பேருக்கு. அதாவது ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல்.

இங்கே வெப்பம் என்பது செய்தித்தாளில் வரும் டிகிரி அல்ல. நம் வீட்டு மண்பானையை நினைத்துப் பாருங்கள். காய்ந்த காற்று வீசும் நாளில் பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். புழுக்கமான நாளில் அப்படி இருக்காது. பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகப் போனால்தான் குளிர்ச்சி. நம் உடம்பும் அந்தப் பானைதான். வியர்வை வழிவதால் பயனில்லை, அது காயவேண்டும். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் மூன்று வெப்பமானிகளை வைக்கிறார்கள்: ஒன்று சாதாரணமானது, ஒன்று ஈரத்துணி சுற்றியது, இன்னொன்று கறுப்புக் குண்டுக்குள் இருப்பது. சூரியனும் அடுப்பும் வீசும் அனலை அந்தக் கறுப்புக் குண்டு காட்டும். மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுகையில் பத்தில் ஏழு பங்கு ஈரத்துணி வெப்பமானிக்கே கொடுக்கப்படுகிறது. இந்தக் கணக்கில் 28 டிகிரியைத் தாண்டினாலே நடுத்தரமான உழைப்புக்கு ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள். 28 தானே என்று எண்ணிவிட வேண்டாம். அது சாதாரண வெப்பமானியின் 28 அல்ல.

சமவெளிகளில் குறைந்தது 40 டிகிரியை எட்டினால்தான் வானிலைத் துறை வெப்ப அலையைக் கணக்கில் எடுக்கும். ஆனால் சாயப் பட்டறைக்குள் அக்கினி நட்சத்திரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கச்சாப் பட்டின் பசை போக சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கிறார்கள். பிறகு கொதிக்கும் சாயத்தில் நூல் கட்டுகளைக் கழியில் மாட்டிப் புரட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கீழே நெருப்பு, முகத்தில் ஆவி. தறி வீடுகளிலும் நிலைமை பெரிதாக வேறல்ல. விசிறியை வேகமாக வைத்தால் இழை கலைந்துவிடும் என்பார்கள். நாட்டு ஓட்டை எடுத்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடுகளில் பகல் மூன்று மணிக்கு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். நாங்கள் வீடு சந்திக்கப் போய் அரைமணி நேரத்தில் எழுந்து வந்திருக்கிறோம், வெட்கத்தோடுதான் சொல்கிறோம்.

கர்ப்பவதியின் உடம்பு தானாகவே அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது. வெப்பத்தை வெளியேற்ற இரத்தம் தோலுக்கு ஓடும்போது கருப்பைக்குப் போவது குறையக்கூடும். தண்ணீர் குடிக்காவிட்டால் இன்னும் மோசம். வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இல்லாததால் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமலிருக்கும் பெண்கள் எத்தனை பேர்! ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டில் வயலில் உழைக்கும் கர்ப்பவதிகள் 92 பேரை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். வெப்ப அழுத்தம் ஒரு டிகிரி கூடும்போது கருவிலுள்ள பிள்ளை சிரமப்படும் அறிகுறிகள் 17 சதவீதம் கூடியதாம்.

இந்த ஆய்வுகள் நூற்றுக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்துச் சொல்பவை. அந்தப் பெண்ணின் கரு கலைந்ததற்கு வெப்பம்தான் காரணம் என்று எந்த டாக்டரும் கையெழுத்திட முடியாது. ஆனால் புளியமரம் காரணமல்ல என்று தைரியமாகச் சொல்லலாம். மறுநாள் அப்படியே சொன்னோம். மாமியாரும் உட்கார்ந்து கேட்டார்கள். "அடுத்த தடவை அண்டா பக்கம் விடமாட்டேன்" என்றார்கள். எங்களுக்கு அது பெரிய பதில்.

இப்போது கர்ப்பகால பரிசோதனைக்கு வருகிறவர்களிடம், என்ன வேலை, எந்த நேரத்தில், எந்தக் கூரையின் கீழ் என்று நர்சுகள் கேட்டு எழுதுகிறார்கள். சாய வேலையை விடியற்காலையில் முடிக்கவும், அடிக்கடி தண்ணீர் குடிக்கவும் சொல்கிறார்கள். உப்பு மோர் நல்லது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தலைசுற்றல், சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, பிள்ளை அசைவு குறைவது இவற்றில் எது இருந்தாலும் உடனே வரவேண்டும். (வைகாசி கருட சேவைக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் நம்மூர் ஜனங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. வருகிற அந்நியருக்கு மோர் கொடுக்கிறவர்கள், வீட்டு மருமகளையும் நினைத்துக்கொண்டால் போதும்.)

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. கருவில் இழந்துபோவது அந்தக் கணக்கில் வராது.

எங்களை அதிகம் யோசிக்கவைத்தது வேறொரு செய்தி. 2010 மே மாதத்தில் குஜராத்தின் அகமதாபாத்தில் 46.8 டிகிரி வெயில் அடித்தது. அங்குள்ள சாரதாபென் மருத்துவமனையில் வெப்பத்தால் காய்ச்சல் கண்ட பச்சிளம் குழந்தைகள் பலர் தீவிர சிகிச்சைக்கு வந்தார்கள். பிரசவ வார்டு மேல் மாடியில், கூரைக்கு நேர் கீழே இருந்தது. அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிய பிறகு அப்படி வந்த குழந்தைகள் குறைந்துபோனார்கள். மருந்தல்ல, இயந்திரமல்ல, மாடிப்படி இறங்கியதுதான்.

நமது பிரசவ வார்டும் மேல் மாடியில்தான் இருக்கிறது. காற்றோட்டம் நன்றாயிருக்கும் என்று எண்ணித்தான் பெரியவர்கள் அங்கே வைத்தார்கள். அந்நாட்களில் அது சரியாகவும் இருந்தது. நீங்கள் அனுப்பிய காணிக்கையிலிருந்து சென்ற மாதம் மொட்டைமாடி முழுவதும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. வெயிலைத் திருப்பி அனுப்புவதற்கு அதுவே மலிவான வழி. கீழே பழைய பதிவேடுகள் வைத்திருக்கும் நீண்ட அறையைக் காலிசெய்து, தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் வைத்து, சித்திரை பிறக்குமுன் வார்டை இறக்கிவிட வேண்டும் என்பது எங்கள் வாஞ்சை. பதிவேடுகளைத் தூக்கிவைக்க வாலிபர் சங்கத்தார் சனிக்கிழமைகளில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். குழாய் வேலைக்கும் கொத்து வேலைக்கும் இன்னும் பணம் சேரவேண்டியிருக்கிறது. உங்கள் குடும்ப ஜெபத்தில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
மருத்துவமனைச் சிற்றாலய போதகர்