முன் சைட்டில் கருப்பு போனது எப்படி?

“அப்பா, இதோட நுனி மட்டும் ஏன் பளபளன்னு இருக்கு? நீங்க ராத்திரி உறைக்குள்ள போட்டுப் போட்டு எடுக்கறீங்களே, அதனாலயா?”

கேட்டது என் ஏழு வயது மகள். தோட்டா எடுத்த கைத்துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்; அவள் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. ராத்திரிப் பயிற்சியின்போது அவள் தூங்குகிறாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அவள் சொன்னது சரிதான். முன் சைட் மேலே துருத்திக்கொண்டு நிற்பது. உருவும்போதெல்லாம் ஹோல்ஸ்டரின் உள்பக்கத்தில் உரசிக்கொண்டு வரலாம். இரும்பு சைட்டில் இருக்கும் கருப்பு மிக மெல்லிய பூச்சு. அது போனால் ஓரம் மின்னும். வெயிலில் குறி தெளிவாகத் தெரியாது. துருவும் சுலபமாகப் பிடிக்கும்.

ஹோல்ஸ்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. உள்ளே சேரும் மணலும் தூசியும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கின்றன. கைடெக்ஸ் ஹோல்ஸ்டர் என்றால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டால் போதும்.

எங்கே உரசுகிறது என்று பார்க்க ஒரு சின்ன வழி இருக்கு. காலித் துப்பாக்கியின் முன் சைட்டில், வெள்ளைப் பலகைக்குப் பயன்படும் மார்க்கர் மையைத் தடவி, ஒருமுறை உறையில் போட்டு எடுங்கள். மை அழிந்த இடம்தான் உரசும் இடம். ஹோல்ஸ்டர் பிடிக்க வேண்டியது விசைக்காப்பு வளையத்தை; சைட்டை அல்ல. சைட்டுக்கான பள்ளம் ஆழமில்லை என்றால் வேறு ஹோல்ஸ்டர் வாங்குவதே நல்லது.

தோல் உறையில் துப்பாக்கியை நாள்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், துரு வரும். பூச்சு போன இரும்பில் லேசாக எண்ணெய் துடைத்து வைக்கலாம். சைட்டில் ஃபைபர் ஆப்டிக் இருந்தால் கடுமையான கரைப்பான் அதன் மேல் படக் கூடாது, அது பிளாஸ்டிக்.

இதெல்லாம் அரை மணி நேர வேலை. மகள் பார்த்துக்கொண்டிருந்தது அப்படி முடியவில்லை.

நாங்கள் இருப்பது டெக்சஸில். தோட்டா நிரப்பிய துப்பாக்கியை எட்டும்படி அலட்சியமாக வைத்து, 17 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை கையில் அது கிடைத்துவிட்டால் இங்கே குற்றம். சட்டத்தை நான் மீறவில்லை. ஆனாலும் துப்பாக்கி எந்த அலமாரியில் இருக்கிறது, எப்போது வெளியே வரும் என்று அவளுக்கு அத்தனையும் தெரிந்திருக்கிறது. அதைக் கேட்டதும் என் மனைவி, “இது இனிமே பெட்டியிலதான் இருக்கணும்”னு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

இப்போது துப்பாக்கி பூட்டுப் பெட்டியில், காலியாக. தோட்டாக்கள் வேறொரு பூட்டில். பயிற்சி அவள் பள்ளியில் இருக்கும்போது மட்டும். அவளிடம் உட்கார்ந்து பேசினோம்: “எங்க துப்பாக்கியைப் பார்த்தாலும் தொடாத. அங்கேருந்து வந்துடு. உடனே பெரியவங்ககிட்ட சொல்லு.”

உங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருக்கலாம். பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் இருக்கலாம். “பூட்டி வச்சிருக்கீங்களா?” என்று கேட்கச் சங்கடப்படாதீர்கள். என்னிடம் யாராவது கேட்டிருந்தால் எனக்கும் முன்னாடியே உறைத்திருக்கும்.