மகரந்தத்தைத் தன் கண்ணில் போட்டுக்கொண்ட டாக்டர்! தெரியுமா?

கண் அரிக்கிறதா? கை தானாக மேலே போகிறதா? கொஞ்சம் பொறுங்கள்! அந்த அரிப்புக்குப் பின்னால் இருக்கும் கதையைக் கேட்டால் கசக்குவதையே மறந்துவிடுவீர்கள்.

கண்ணின் வெள்ளைப் பகுதியையும் இமையின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கிறதே ஒரு மெல்லிய ஜவ்வு, அதிலும் அதை ஒட்டிய திசுக்களிலும் ஒரு கண்ணுக்கு மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் சுமார் 5 கோடி இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு கண்ணுக்கு மட்டும் 5 கோடி! ஒவ்வொன்றுக்குள்ளும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் அடைத்த நுண்ணிய பைகள். அலர்ஜி உள்ளவரின் கண்ணில் மகரந்தமோ வீட்டுத் தூசியோ பட்டால் போதும், சில நிமிடங்களில் பைகள் திறந்து ஹிஸ்டமின் கொட்டுகிறது. அரிப்பு, சிவப்பு, நீர்வடிதல், இமை வீக்கம் எல்லாம் அதன் வேலைதான். இத்தனைக்கும் வந்தது எதிரியே இல்லை! ஏதோ ஒரு புல்லின் மகரந்தம். பாம்பென்று நினைத்துக் கயிற்றை அடிக்கிறது உடம்பு.

அதைவிட வேடிக்கை, கசக்கினால் அந்த அழுத்தத்திலேயே இன்னும் பல மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். அரிக்கிறதே என்று கசக்குகிறோம், கசக்கியதால் மேலும் அரிக்கிறது!

இந்த நோயை முதலில் விவரமாக எழுதிவைத்தவர் யார் தெரியுமா? அதனால் அவதிப்பட்ட ஒரு டாக்டரேதான்! ஜான் பொஸ்டாக் என்ற ஆங்கிலேயருக்குச் சிறுவயதிலிருந்தே கோடை வந்தால் கண் சிவந்து அரிக்கும், தும்மல் பிடுங்கும். 1819-இல் லண்டன் மருத்துவச் சங்கத்தில் தன் உடம்பையே ஒரு நோயாளியின் கேஸாக எழுதி வாசித்தார்.

பாவம் பொஸ்டாக், கோடை வெயில்தான் காரணம் என்று நம்பினார். உண்மைக் குற்றவாளியைப் பிடித்தவர் மான்செஸ்டர் டாக்டர் சார்லஸ் பிளாக்லி. எப்படி? பட்டம் விட்டு! பசை தடவிய கண்ணாடிச் சில்லுகளைப் பட்டத்தில் கட்டி 1,000 அடிக்கு மேல் ஏற்றி, அங்கேயும் மகரந்தம் மிதப்பதைக் காட்டினார். அதோடு விட்டாரா? மகரந்தத்தைத் தன் கண்ணிலேயே போட்டுக்கொண்டு, எப்போது சிவக்கிறது, எவ்வளவு வீங்குகிறது என்று குறித்துவைத்தார். 1873-இல் அது புத்தகமாகவே வந்தது.

அடுத்து 1911. லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையின் லெனார்டு நூன், புல் மகரந்தச் சாற்றைக் கண்ணில் சொட்டுவிட்டு, எந்த அளவில் கண் சிவக்கிறது என்று பார்த்தார். அந்தச் சாற்றையே கொஞ்சம் கொஞ்சமாக ஊசியில் ஏற்றிவர, கண் முன்பைவிட அதிகத்தைத் தாங்கியது! இன்றைக்குப் போடும் அலர்ஜி ஊசிக்கு ஆரம்பம் அதுதான். அளவுகோலாக இருந்தது கண்!

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். ஆர்தர் ரான்ஸம் எழுதிய புகழ்பெற்ற சிறுவர் நாவலான 'ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்'-இல் ரோஜர் என்று ஒரு பொடியன் வருவான். அவனுக்கு முன்மாதிரியாக இருந்த நிஜ ரோஜர் அல்டூனியன் வளர்ந்து டாக்டரானார், கூடவே ஆஸ்துமா நோயாளியும் ஆனார். கெல்லா என்பது கேரட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி, எகிப்தின் நாட்டு மருந்து. ஆஸ்துமாவுக்கு மருந்து தேடி, அதன் சத்தை ஒட்டிய ரசாயனங்களை ஒவ்வொன்றாகத் தன்மீதே சோதித்தார். கினிப்பன்றியின் முடியை ஊறவைத்த சாற்றை முகர்ந்து வேண்டுமென்றே ஆஸ்துமாவை வரவழைத்துக்கொண்டு, எந்த மருந்து அதைத் தடுக்கிறது என்று வருடக்கணக்கில் பார்த்தார்! 1965-இல் கிடைத்தது குரோமோகிளைகேட். மாஸ்ட் செல்லின் பையைத் திறக்கவிடாமல் தடுக்கும் மருந்து. இன்றும் அலர்ஜிக்குக் கண் சொட்டாகக் கிடைக்கிறது. அரிப்பு வந்த பிறகு அவசரத்துக்கு விட்டால் பலன் குறைவு, முன்கூட்டியே தினமும் விட வேண்டும். அதற்குப் பின் வந்த ஓலோபடடின் போன்றவை ஹிஸ்டமினையும் தடுக்கும், பையையும் அடைக்கும்.

சரி, சொட்டு விடுகிறோமே, எத்தனை சொட்டு? "ரெண்டு சொட்டு விட்டா சீக்கிரம் கேட்கும்" என்பார்கள். கேட்காது! கண்ணில் எப்போதும் இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். இழுத்துப் பிடித்தாலும் 30-க்கு மேல் கொள்ளாது. பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டே 30 முதல் 50. இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் மருந்து! கீழிமையை இழுத்து ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்தில் ஒரு நிமிடம் விரலால் அழுத்தினால் போதும். வேறு சொட்டும் விட வேண்டுமா? 5 நிமிடம் இடைவெளி கொடுங்கள்.

இது அலர்ஜியா, மெட்ராஸ் ஐயா? அரிப்புதான் முக்கிய அடையாளம். மெட்ராஸ் ஐயில் உறுத்தலும் பீளையும் முன்னுக்கு நிற்கும், பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கும், மற்றவருக்கும் ஒட்டும். அலர்ஜி பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும், யாருக்கும் ஒட்டாது.

அலர்ஜியைத் தூண்டுவது வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். பூனையை வெளியே அனுப்பிவிட்டாலும் அதன் எச்சிலிலிருந்தும் தோலிலிருந்தும் வந்த புரதம் வீட்டில் மாதக்கணக்கில் தங்கும், தெரியுமா? தலையணையில் நம் தோல் செதிலைத் தின்று வாழும் தூசு உண்ணியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். உறையை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் சாகும். அரிப்பைத் தணிக்கச் சுத்தமான துணியில் ஐஸ் ஒத்தடம் தைரியமாகக் கொடுக்கலாம். தாய்ப்பால், தேன், பன்னீர் மட்டும் கண்ணுக்குள் வேண்டவே வேண்டாம்.

பள்ளிக்கூடப் பையன்கள் வருடம் முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தால் அலட்சியம் கூடாது. நம் ஊர் போன்ற வெப்பப் பகுதிகளில் ஆண் பிள்ளைகளை அதிகம் பிடிக்கும் கடுமையான கண் அலர்ஜி ஒன்று உண்டு. மேலிமையைத் திருப்பினால் உள்ளே கூழாங்கல் பாவியது மாதிரி முடிச்சு முடிச்சாகத் தெரியும். பருவ வயது தாண்டினால் பெரும்பாலும் தானே அடங்கும். ஆனால் அதற்குள் விடாமல் கசக்கியதில் கருவிழி கூம்பிப்போகும் அபாயம் உண்டு.

இந்தப் பிள்ளைகளுக்குத்தான் இன்னொரு ஆபத்தும் காத்திருக்கிறது. டாக்டர் ஒரு வாரத்துக்கு எழுதிய ஸ்டீராய்டு சொட்டை, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் மாதக்கணக்கில் வாங்கி விடுகிறார்கள். இரண்டே நாளில் கண் பளிச்சென்று வெளுத்துவிடும், அதனால்தான் விட மனம் வராது! உள்ளேயோ கண் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும். வலிக்காது, தெரியாது, போன பார்வை திரும்பாது.

இன்றைக்கே வீட்டிலுள்ள சொட்டு மருந்துப் பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், லோட்டிப்ரெட்னால், ஃப்ளூரோமெத்தலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். ஏற்கெனவே விட்டுக்கொண்டிருந்தால் கண் டாக்டரிடம் போய் கண் அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள்.